மேயும் கோழிக்கு என்ன கோளாறு? அறிகுறியைப் பிடித்துக் காரணத்துக்குப் போகும் வழி

இயற்கை முறையில் கோழியை வெளியே விட்டு வளர்க்கிறவர்கள், ஏதோ சரியில்லை என்று தெரிந்ததும் முதலில் கை வைப்பது தீவனத்தில்தான். முட்டை குறைந்தால் பிண்ணாக்கைக் கூட்டுவது, எச்சம் இளகினால் பிண்ணாக்கைக் குறைப்பது, இரண்டு நாளில் பலன் தெரியவில்லை என்றால் மறுபடியும் மாற்றுவது. மூன்றாவது வாரத்தில் எது எதனால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. நானும் இப்படித்தான் ஆரம்பித்தேன். இப்போது ஒரே கட்டுப்பாடு: ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், அதற்குப் பத்து நாள் அவகாசம். ஒரு மஞ்சள் கரு விறுவிறுவென்று வளர்ந்து முதிர ஏறக்குறைய 10 நாள் ஆகிறது. இன்று மாற்றிய தீவனம் முட்டையில் முழுதாகத் தெரிய அவ்வளவு நாள் பிடிக்கும்.

ரத்தக் கழிச்சலுக்கும் கூட்டமாகச் சாவதற்கும் இந்த அவகாசம் கிடையாது. அவற்றைக் கழிச்சல் பகுதியில் சொல்கிறேன்.

எந்த அறிகுறிக்கும் முன்னால்: ஒரு மாலைச் சுற்று

இருட்டியதும் கோழிகள் பரண் கட்டையில் ஏறி உட்கார்ந்த பிறகு ஐந்தாறை மட்டும் தூக்கிப் பாருங்கள். கழுத்தடியில் இருக்கும் இரைப்பை நிறைந்து, பிசைந்த மாவு மாதிரி அமுங்க வேண்டும். அந்த நேரத்தில் அது தட்டையாக இருந்தால் கோழி பகல் முழுக்கச் சரியாகத் தின்னவில்லை. அடுத்து நெஞ்செலும்பின் இரு பக்கமும் விரலை ஓட்டுங்கள். சதை மேடாக இருந்தால் நல்லது. எலும்பு கத்தி முனை மாதிரி துருத்தினால் அது ஒருநாள் பசியல்ல, வாரக்கணக்கான குறை. அப்புறம் வாலடி இறகு: எச்சம் ஒட்டி அழுக்காக இருக்கிறதா, காய்ந்து சுத்தமாக இருக்கிறதா.

மறுநாள் காலையில் கொட்டகை வாசலிலிருந்து மேய்ச்சல் நிலத்துக்குள் நேராக நடந்து போங்கள். எச்சம் எந்த இடத்தோடு நின்றுபோகிறதோ, உங்கள் கோழிகளின் மேய்ச்சல் எல்லை அதுதான். வேலி எங்கே இருக்கிறது என்பதெல்லாம் நம் கணக்கு.

கதவு திறந்திருக்கிறது, கோழி வாசலைத் தாண்டவில்லை

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். பெரும்பாலும் நிலத்தில் புல் இருக்கும், கதவும் நேரத்துக்குத் திறக்கும். இல்லாதது நிழல்.

வீட்டுக் கோழியின் மூதாதை செங்காட்டுக்கோழி. புதரும் மூங்கிலும் அடர்ந்த இடத்தில் கிளறித் தின்று வாழ்ந்த பறவை அது. தலைக்கு மேல் மறைப்பு இல்லாத வெட்டவெளி என்றால், அதன் கண்ணுக்கு அது பருந்தின் மேசை. நாம் பச்சைக் கம்பளம் விரித்தாற்போன்ற புல்வெளியை ரசிக்கிறோம். கோழி வாசலில் நின்று வானத்தைத்தான் பார்க்கிறது. இதைச் சோதிக்கச் செலவே இல்லை. வாசலிலிருந்து பத்தடி தள்ளி நான்கு குச்சி நட்டு, இடுப்புயரத்தில் பழைய சாக்கையோ ஓலையையோ கட்டுங்கள். இன்னும் பத்தடி தள்ளி இன்னொன்று. இரண்டு மூன்று நாளில் கோழிகள் ஒன்றின் கீழிருந்து அடுத்ததுக்கு ஓட ஆரம்பித்தால் காரணம் பிடிபட்டுவிட்டது. பிறகு அதே வரிசையில் புதரோ மரமோ நடலாம். நடும்போது மரங்களை நிலத்தின் ஓரத்தில் வரிசை கட்டுவதைவிட, கொட்டகையிலிருந்து உள்ளே போகும் பாதையாக நடுவதுதான் வேலை செய்யும்.

மறைப்பு இருந்தும் போகவில்லையா? வாசலைப் பாருங்கள். வாசல் சிறியதாக, ஒன்றே ஒன்றாக இருந்தால் இரண்டு முரட்டுக் கோழிகள் அதில் நின்று மற்றவற்றை விரட்டும். முட்டைக்கோழிகளுக்கான ஐரோப்பிய விதி, ஒரு திறப்பு குறைந்தது 35 செ.மீ. உயரமும் 40 செ.மீ. அகலமும் இருக்க வேண்டும் என்கிறது. சிறு பண்ணையிலும் கூட்டத்துக்கு இரண்டு திறப்பாவது வைத்தால் இந்தக் காவல்காரக் கோழிகளின் பிழைப்பு முடிந்துவிடும். வாசற்படி உயரமாக இருந்தாலும், காற்று நேராக முகத்தில் அடித்தாலும் கோழி தயங்கும்.

மூன்றாவது, வளர்ந்த விதம். நான்கு மாதம் வரை நான்கு சுவருக்குள் இருந்த வெடைக்கோழியைத் திடீரென்று வெளியே விட்டால் அதற்கு வெளி என்பதே புரியாது. குஞ்சுகளுக்கு உடல் இறகு மூடியதும், நல்ல வெயில் நாளில், சிறு அடைப்புக்குள் ஒரு மணி நேரம் விட்டுப் பழக்க வேண்டும். வயது போன கூட்டத்துக்கு இந்தப் பாடம் எடுப்பது கடினம். ஏற்கெனவே மேயத் தெரிந்த நாலைந்து கோழிகளைச் சேர்த்துவிட்டால் ஓரளவு பார்த்துக் கற்றுக்கொள்ளும். ஆனால் புதிதாகச் சேர்க்கும் கோழியோடு பேனும் புழுவும் சேர்ந்து வரும், இரண்டு வாரம் தனியே வைத்துப் பார்த்த பிறகே சேருங்கள்.

கடைசியாக ஒன்று. நடுப்பகலில் வெளியே போகவில்லை என்று கவலைப்பட வேண்டாம். கோழி மும்முரமாக மேய்வது காலையிலும் மாலையிலும்தான். உச்சி வெயிலில் நிழலில் மண் குளியல் போட்டுக்கொண்டிருந்தால் அது நலமாக இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளலாம்.

கொட்டகை ஓரம் மொட்டைத் தரை, கடைசியில் முழங்கால் உயரப் புல்

முந்தைய அறிகுறியின் தம்பி இது. எல்லாக் கோழியும் வாசலுக்குப் பக்கத்திலேயே கிளறுவதால் அங்கே புல் செத்து, எச்சம் குவிந்து, மழை பெய்தால் சேறாகிவிடும். ஒரு கோழி நாளொன்றுக்கு 100 கிராமுக்கு மேல் ஈர எச்சம் போடுகிறது. நூறு கோழி ஒரே இடத்தில் நின்றால் தினமும் பத்து கிலோ. அந்தத் தழைச்சத்தே புல்லைக் கருக்கிவிடும்.

நிலத்தை நான்காகத் தடுத்து மாற்றி மாற்றி விடுவதுதான் வழி. புல் பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் இருக்கும்போது உள்ளே விட்டு, பாதியாகக் குறைந்ததும் வெளியே எடுங்கள். தேதி பார்த்து மாற்றாதீர்கள், புல்லைப் பார்த்து மாற்றுங்கள். மழைக்காலத்தில் மூன்று வாரத்தில் தழைக்கும் தடுப்பு, கோடையில் இரண்டு மாதமானாலும் எழும்பாது. வாசலை ஒட்டிய இரண்டு மூன்று மீட்டரில் புல் வளரும் என்ற ஆசையை விட்டுவிடுங்கள். அங்கே மரச்சீவல், சரளை, காய்ந்த இலை எதையாவது கனமாகப் போட்டு, ஊறிய மேற்பகுதியை அவ்வப்போது வாரி உரக்குழிக்கு அனுப்புவதே நடைமுறை.

இடம் எவ்வளவு வேண்டும் என்றால், ஐரோப்பிய ஒன்றியத்தின் இயற்கை வேளாண் விதியில் முட்டைக்கோழி ஒன்றுக்கு வெளியே 4 சதுர மீட்டர். இதைக் குறைந்தபட்சம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். புல் நிலைத்து நிற்க, பல மண்ணில் இது போதாது.

முழங்கால் உயரப் புல்லை அப்படியே விடுவதும் தவறு. முற்றிய புல்லில் நார் மட்டுமே இருக்கும், கோழி அதைத் தின்னாது. தின்றாலும் இரைப்பை அடைப்புதான் மிச்சம். அறுத்துவிடுங்கள், அல்லது ஆட்டையோ மாட்டையோ முன்னால் விட்டு மேய்த்துவிடுங்கள்.

முட்டை குறைந்துவிட்டது

உண்மையிலேயே குறைந்ததா என்பதை முதலில் பாருங்கள். வெளியே திரியும் கோழி புதருக்குள் ரகசியக் கூடு வைத்திருக்கும். ஒருநாள் காலை பத்து மணி வரை கதவைத் திறக்காமல் வைத்து எண்ணுங்கள். அன்றைக்கு மட்டும் முட்டை கூடினால் குறை தீவனத்தில் இல்லை, உங்கள் தேடலில் இருக்கிறது. காலையில் சற்றுத் தாமதமாகத் திறப்பது, முட்டைப் பெட்டியை இருட்டாக, சுத்தமாக வைப்பது, ஒரு பொய் முட்டையை அதில் போட்டு வைப்பது, இவ்வளவுதான் மருந்து.

அடுத்து வெளிச்சம். முட்டையிட 14 முதல் 16 மணி நேர வெளிச்சம் வசதி. பகல் சுருங்கிக்கொண்டே வரும் மாதங்களில் முட்டை குறைவதும், ஒரு வயதைத் தாண்டிய கோழி இறகு உதிர்ப்பதும் இயல்பு. விளக்கு போட்டு ஈடுகட்டலாம். ஐரோப்பிய இயற்கை வேளாண் விதி அதற்கும் எல்லை வைக்கிறது: மொத்த வெளிச்சம் 16 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, விளக்கில்லாமல் தொடர்ந்து 8 மணி நேர ஓய்வு வேண்டும்.

தண்ணீரையும் ஒரு கை பார்த்துவிடுங்கள். கோழி தின்னும் தீவனத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு தண்ணீர் குடிக்கிறது. வெயிலில் அது இன்னும் ஏறும். மேய்ச்சல் நிலத்தின் கடைசியில் கோழி இருக்க, தண்ணீர் கொட்டகைக்குள் இருந்தால் ஒன்று அது குடிக்காது, இல்லை மேயாது. வெயிலில் சூடேறிய தண்ணீரையும் கோழி தொடாது. உங்கள் கையை அதில் வைத்துப் பாருங்கள், உங்களுக்குக் குடிக்கத் தோன்றாவிட்டால் அதற்கும் தோன்றாது.

இதெல்லாம் சரி என்றால்தான் தீவனத்துக்கு வர வேண்டும். இங்கே நான் செய்த தப்பைச் சொல்கிறேன். தண்ணீரில் மிதந்து வளரும் அசோலா என்ற சிறு செடியில் புரதம் 20 சதவீதத்துக்கு மேல் என்று படித்துவிட்டு, தானியமும் பிண்ணாக்கும் கலந்த அடர் தீவனத்தைப் பாதியாகக் குறைத்து, தினம் கூடை கூடையாக அசோலா போட்டேன். கோழிகள் ஆசையாகத்தான் தின்றன. மூன்றாவது வாரம் முட்டை பாதி. கணக்கு எளிது, நான்தான் போடவில்லை. அந்த 20 சதவீதம் உலர்ந்த எடையில். பச்சை அசோலாவில் 93 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். அப்படியானால் 100 கிராம் பச்சை அசோலாவில் ஒன்று, ஒன்றரை கிராம் புரதம்தான். முட்டையிடும் கோழி நாளொன்றுக்கு 110 கிராம் அளவுக்குத் தீவனம் தின்கிறது. அதில் 16, 17 சதவீதம் புரதம் இருந்தால் 18 கிராம் கிடைக்கும். அதில் பாதியை அசோலாவால் நிரப்பக்கூட அரை கிலோவுக்கு மேல் தின்ன வேண்டும். அதன் வயிறு அவ்வளவு பெரிதல்ல.

கீரை, புல், முருங்கை இலை எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான், அளவு மட்டும் மாறும். பசுந்தீவனம் வைட்டமினும் நிறமும் நாரும் தரும், வேலையில்லாத அலகுக்கு வேலையும் தரும். அடர் தீவனத்தின் இடத்தை அது பிடிக்காது. மேய்ச்சல் நிலத்தில் புழு பூச்சி எவ்வளவு கிடைக்கிறது என்பதும் பருவத்தைப் பொறுத்தது. மழைக்குப் பிந்தைய வாரங்களில் கோழி தீவனத்தை மிச்சம் வைக்கும், காய்ந்த மாதத்தில் தொட்டியை நக்கும். அந்த மிச்சத்தைப் பார்த்து ஆண்டு முழுக்கத் தீவனத்தைக் குறைத்துவிடக் கூடாது.

ஓடு மெலிவு, தோல் முட்டை

ஒரு முட்டை ஓடு சுமார் 6 கிராம். அதில் 94 சதவீதம் கால்சியம் கார்பனேட், அதாவது இரண்டு கிராமுக்கு மேல் சுத்தமான கால்சியம். கோழி தின்பதில் பாதியளவுதான் உடம்பில் சேரும் என்பதால் நாளுக்கு 4 கிராம் வரை கொடுத்தாக வேண்டும். புல்லிலும் தானியத்திலும் இது கிடைக்காது.

இதில் பலரும் கவனிக்காதது நேரம். ஓடு கட்ட சுமார் 20 மணி நேரம் ஆகிறது, அதில் பெரும்பகுதி இரவில். கோழி இரவில் தின்பதில்லை. சுண்ணாம்புப் பொடியாகக் கொடுத்தால் அது சீக்கிரம் கரைந்து போய்விடும், நள்ளிரவில் கோழி தன் எலும்பிலிருந்து எடுத்து ஓடு கட்டும். கிளிஞ்சலை அரிசி நொய்யைவிடப் பெரிதாக, 2 முதல் 4 மி.மீ. துண்டாக உடைத்து, மாலையில் கிடைக்கும்படி தனிக் கிண்ணத்தில் வையுங்கள். அது தீனியை அரைக்கும் அரவைப்பையில் தங்கி இரவெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். தீவனத்தில் கலப்பதைவிடத் தனிக் கிண்ணம் மேல். தேவைப்படும் கோழி தேடித் தின்னும், சேவலும் முட்டையிடாத கோழியும் தொடாது. வளரும் குஞ்சுக்கு முட்டைக்கோழித் தீவனத்தைப் போடவே கூடாது. அவ்வளவு கால்சியம் அதன் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

கிளிஞ்சல் இருந்தும் ஓடு மெலிகிறது என்றால் வெயில் ஒரு காரணம். வாய் திறந்து இளைக்கும் கோழி கரியமில வாயுவை அதிகம் இழக்கிறது, ஓட்டுக்கு வேண்டிய கார்பனேட் ரத்தத்தில் குறைகிறது. இங்கே நிழலும் குளிர்ந்த தண்ணீரும்தான் வேலை செய்யும். வயதான கோழி பெரிய முட்டை இடும், அதே அளவு கால்சியத்தை அகலமாகப் பூசும். அதற்கு ஒன்றும் செய்வதற்கில்லை. எல்லா வயதிலும் ஒரே வாரத்தில் ஓடு சுருங்கி, கோணலாகி, கூடவே தும்மலும் இருந்தால் அது தீவனக் குறையல்ல, சுவாச நோய். கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

மஞ்சள் கரு வெளிறுவது, நிறம் மாறுவது, நாறுவது

வெளிறிய கரு என்றால் புல் போதவில்லை, அல்லது மஞ்சள் சோளத்துக்குப் பதில் வெள்ளைத் தானியம் போகிறது. நிறம் வருவது பச்சையிலும் மஞ்சள் மக்காச்சோளத்திலும் உள்ள நிறமியால். உணவுச் சத்து குறைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஆனால் வெளியே மேய்வதாகச் சொல்லும் கோழியின் கரு வெளிறியே இருந்தால், அவை வாசலைத் தாண்டவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. முதல் அறிகுறிக்குத் திரும்புங்கள்.

கரு ஆலிவ் பச்சையாகவோ பழுப்புத் திட்டாகவோ மாறினால் பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கைச் சந்தேகியுங்கள், நிறுத்துங்கள். பழுப்பு ஓட்டு முட்டை மட்டும் மீன் வாடை அடிக்கிறதென்றால் கடுகுப் பிண்ணாக்கு காரணமாக இருக்கலாம். அதிலுள்ள ஒரு பொருள் குடலில் சிதைந்து மீன் வாடை தரும் சேர்மமாகிறது. பழுப்பு முட்டையிடும் சில கோழிகளுக்கு அதை உடைக்கும் திறன் பிறவியிலேயே குறைவு. மீன் தூள் அதிகமானாலும் வாடை வரும்.

இறகைக் கொத்துகின்றன, பறிக்கின்றன, தின்கின்றன

வழுக்கை எங்கே என்று பாருங்கள். முதுகில் மட்டும் என்றால் சேவல் மிதித்த தேய்மானம். தலை, கழுத்தில் தொடங்கி உடம்பெங்கும் புது இறகுக் குருத்து முளைத்தால் இயல்பான உதிர்வு. வாலடியிலும் பின்பக்கத்திலும் இறகு ஒடிந்து, தோல் சிவந்திருந்தால்தான் கொத்தல். அப்போதே காயம்பட்ட கோழியைப் பிரித்துவிடுங்கள். ரத்தம் பார்த்த கூட்டம் விடாது, மாலைக்குள் குடலை இழுத்துவிடும்.

பிறகு இரவில் டார்ச் எடுத்துக்கொண்டு போங்கள். பரண் கட்டை சுவரோடு சேரும் மூலையில், கட்டையின் அடிப்பக்கத்தில், மரப் பிளவில் வெள்ளைத் துணியால் அழுத்தித் துடையுங்கள். துணியில் சிவப்புக் கறை கண்டால் ரத்தம் குடித்த செவ்வுண்ணி. பகலில் கோழி மேல் இருக்காது, பிளவுக்குள் ஒளிந்திருக்கும். அதனால்தான் பகலில் கோழியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தும் கண்டுபிடிக்க முடிவதில்லை. இரவெல்லாம் கடிபட்ட கோழி தூங்காமல் பகலில் எரிச்சலில் கொத்தும், கொண்டையும் வெளிறும். பரணைக் கழற்றி, பிளவுகளைக் கொதிநீரால் கழுவி, வெயிலில் போட்டு, மறுவாரம் மறுபடி செய்யுங்கள். ஒருமுறை மட்டும் செய்தால் உண்ணியின் முட்டைகள் பொரித்துத் திரும்ப வரும்.

உண்ணி இல்லை என்றால் தீவனத்தின் புரதத்தில் எது குறைகிறது என்று பார்க்க வேண்டும். மொத்தப் புரதம் போதும் என்று தீவனச் சீட்டு சொல்லும், ஆனால் புரதத்தைக் கட்டும் அமினோ அமிலங்களில் ஒன்றான மெதியோனின் குறைந்திருக்கும். இறகு கட்டுவதற்குக் கந்தகம் கொண்ட அமினோ அமிலங்கள் வேண்டும், கோழித் தீவனத்தில் முதலில் தீர்ந்துபோவது மெதியோனின்தான். சாதாரணப் பண்ணையில் செயற்கை மெதியோனினைத் தூவிவிடுவார்கள். ஐரோப்பிய இயற்கை வேளாண் விதி அதை ஏற்பதில்லை, அமெரிக்க விதி ஒரு வரம்புக்குள் மட்டும் விடுகிறது. ஆகவே நாம் பொருளில்தான் தேட வேண்டும்.

மக்காச்சோளமும் கடலைப் பிண்ணாக்கும் மட்டுமே கொண்ட கலவை இங்கே பிசகும். கடலைப் பிண்ணாக்கில் மெதியோனினும் குறைவு, இன்னொரு அமினோ அமிலமான லைசினும் குறைவு. எள்ளுப் பிண்ணாக்கில் மெதியோனின் நிறைய, லைசின் குறைவு. சோயாவில் நேர்மாறு. எள்ளையும் சோயாவையும் ஜோடி சேர்த்தால் ஒன்றின் பள்ளத்தை மற்றொன்று நிரப்பும். சோயாவைப் பச்சையாகப் போடாதீர்கள், அதிலுள்ள செரிமானத் தடைப் பொருள் சூடேறினால்தான் அடங்கும். சூரியகாந்திப் பிண்ணாக்கும் உதவும். மீன் தூள், கரையான், கருப்புச் சிப்பாய் ஈயின் புழு, இவை புழு பூச்சி தின்னும் பறவைக்கு இயல்பான உணவு. ஆனால் இயற்கை வேளாண் சான்றிதழ் வைத்திருப்பவர்கள் எதைச் சேர்ப்பதற்கு முன்னும் சான்றளிப்பவரிடம் கேட்டுவிடுங்கள், புழுவுக்கு என்ன தீனி போட்டீர்கள் என்பது வரை கேட்பார்கள். ஹெக்சேன் என்ற கரைப்பானைப் போட்டு எண்ணெய் எடுத்த பிண்ணாக்கு இயற்கைத் தீவனத்தில் வராது. செக்கில் ஆட்டியதில் எண்ணெய் மிஞ்சியிருக்கும், சீக்கிரம் சிக்கெடுக்கும். ஒரு மாதத்துக்கு மேல் சேர்த்து வைக்காதீர்கள்.

நாரும் முக்கியம். வயிறு நிறைந்த உணர்வு இல்லாத கோழி இறகைத் தின்னும். கீரைக் கட்டை அதன் கண் மட்டத்துக்குச் சற்று மேலே கயிற்றில் தொங்கவிடுங்கள். தாவித் தாவிப் பிய்க்கும், அரை நாள் போய்விடும். அலகை வெட்டுவது இதற்கு விடையல்ல.

கழிச்சல்

எச்சத்தைப் படிக்கத் தெரிந்தால் பாதிப் பயம் போகும். பழுப்பு உருண்டை, மேலே வெள்ளைத் தொப்பி: இது நல்ல எச்சம். வெள்ளை என்பது அதன் சிறுநீர். எட்டு, பத்து எச்சத்துக்கு ஒருமுறை ஒட்டும் தன்மையோடு, கரும்பழுப்பாக, நாற்றமாக ஒன்று வரும். அதுவும் இயல்புதான், குடலின் பை காலியாவது. புதுப் புல் தடுப்புக்கு மாற்றிய அன்று பச்சையாக, கொஞ்சம் இளகலாகப் போனால் பயப்பட வேண்டாம்.

மேயாமல் ஒதுங்கி, கண்மூடி, இறகைச் சிலிர்த்து நிற்கும் கோழியின் பச்சை எச்சம் வேறு கதை. தீவனம் இறங்காத வயிற்றிலிருந்து பித்தம் மட்டும் வருகிறது. ஒரே நாளில் பலவற்றுக்குப் பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, மூச்சுத் திணறி, கழுத்து திருகிச் சாவு தொடங்கினால் வெள்ளைக்கழிச்சல் என்னும் ராணிக்கெட் நோயாக இருக்கலாம், பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம். கதவை அடையுங்கள், கோழியோ முட்டையோ வெளியே போகக் கூடாது, செத்ததை வெறுங்கையால் தொடாதீர்கள், அன்றே கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள். மேய்ச்சல் கோழி காட்டுப் பறவைகளோடு தண்ணீரைப் பகிர்வதால் திறந்த குளத்தை வேலி போட்டு மறைப்பது நல்லது. நோய் பரவும் காலத்தில் அதிகாரிகள் அடைத்து வைக்கச் சொன்னால் அடையுங்கள். அதற்காகச் சான்றிதழ் போகாது.

எச்சத்தில் ரத்தம், குஞ்சுகள் மூன்று முதல் ஆறு வார வயது: ரத்தக் கழிச்சல். காரணமான நுண்ணுயிரி எச்சத்தோடு வெளிவரும்போது தொற்றும் நிலையில் இருப்பதில்லை. ஈரமும் வெதுவெதுப்பும் காற்றும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளில் முதிர்ந்து தொற்றத் தயாராகும். அதனால் இதன் பிறப்பிடம் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிய ஈரக் கூளம். கூளத்தை ஒரு கைப்பிடி அள்ளி இறுக்குங்கள். உருண்டையாகவே நின்றால் ஈரம் அதிகம், கையைத் திறந்ததும் உதிர்ந்தால் சரி. தொட்டியைக் குஞ்சின் முதுகு மட்டத்துக்கு உயர்த்தி, அடியில் கம்பி வலைச் சட்டம் வைத்துவிட்டால் சிந்துவது கூளத்தில் சேராது. பெரிய கோழி மேய்ந்த தடுப்பில் சின்னக் குஞ்சை விடாதீர்கள். ரத்தம் வந்துவிட்டால் மூலிகை தேடி நேரம் கழிக்காமல் மருத்துவரிடம் மருந்து வாங்குங்கள். "இயற்கைப் பண்ணை, மருந்து கூடாது" என்று குஞ்சைச் சாகவிடுவதை எந்த நல்ல விதியும் கேட்கவில்லை. அமெரிக்க விதி, சான்றிதழைக் காப்பாற்றுவதற்காகச் சிகிச்சையை மறுப்பதையே தடை செய்கிறது.

மெலிவு, வெளிறிய கொண்டை, விட்டுவிட்டு இளகல், நெஞ்செலும்பு துருத்தல் என்றால் உருண்டைப்புழு. மாலைச் சுற்றில் எடை குறைந்தவற்றின் எச்சத்தைப் பரிசோதனைக்குக் கொடுத்து, அதில் புழு முட்டை எண்ணிக்கை பார்த்த பிறகு குடற்புழு நீக்கம் செய்யுங்கள். மேய்ச்சல் தடுப்பை மாற்றுவதால் புழு ஒழிந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். புல் தழைக்கச் சில வாரம் போதும், புழு முட்டை மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். குட்டைப் புல்லில் வெயில் படுவது கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். வான்கோழியும் வளர்ப்பவர்கள் அதைக் கோழி மேய்ந்த நிலத்தில் விடவே கூடாது. கோழிக்குப் பெரிதாகத் தீங்கு செய்யாத சிறு குடற்புழு ஒன்று, வான்கோழியின் ஈரலை அழிக்கும் கிருமியைச் சுமந்து திரிகிறது.

காலையிலும் கழுத்தடி நிறைந்தே இருக்கிறது

இரவு நிறைந்த இரைப்பை விடியும்போது காலியாக வேண்டும். கெட்டியாகப் பந்து போல நின்றால் நீள நார் சிக்கியிருக்கிறது, பெரும்பாலும் முற்றிய புல், வைக்கோல், சணல் கயிறு. தண்ணீர் நிறைந்த பலூன் போல ஆடி, வாய் புளித்து நாறினால் பூஞ்சை. முதலாவதுக்கு, தீவனத்தை நிறுத்தித் தண்ணீர் மட்டும் வைத்து, விரலால் மெதுவாகப் பிசைந்து விடலாம். ஒருநாளில் இளகவில்லை என்றால் மருத்துவரிடம் போங்கள். தலைகீழாகப் பிடித்து வாந்தி எடுக்க வைக்கும் வித்தை வேண்டாம், மூச்சுக்குழலில் இறங்கிக் கண் முன்னே செத்துப்போகும்.

ஒன்றுக்கு வந்தால் அந்தக் கோழியின் ஆசை. நாலைந்துக்கு வந்தால் புல் முற்றிவிட்டது, அல்லது சிறு கல் கிடைக்கவில்லை. கோழிக்குப் பல் இல்லை, அரவைப்பையில் கிடக்கும் கல்லே பல். களிமண் நிலத்திலும் புல் மூடிய நிலத்திலும் கல் பொறுக்கக் கிடைக்காது. கரையாத சரளைப் பொடியை ஒரு தட்டில் வையுங்கள். கிளிஞ்சல் இதற்கு மாற்றல்ல, அது கரைந்துவிடும்.

தொட்டியில் தூள் மட்டும் மிஞ்சுகிறது

கோழி பொறுக்கித் தின்கிறது. மக்காச்சோளத் துண்டை எடுத்துக்கொண்டு, பிண்ணாக்கும் தாது உப்பும் கலந்த தூளை விட்டுவிடுகிறது. நீங்கள் 17 சதவீதப் புரதம் கலந்திருப்பீர்கள், வயிற்றுக்குள் போனது 12 ஆக இருக்கும். மேலே சொன்ன முட்டைக் குறைவும் இறகுக் கொத்தலும் இங்கிருந்தே தொடங்கியிருக்கலாம். தானியத்தை இன்னும் கொஞ்சம் நுணுக்கி உடையுங்கள், மாவாக்கிவிட வேண்டாம். அன்றாடம் ஒருமுறையாவது தொட்டி காலியாகட்டும், அதன் பிறகே அடுத்ததைக் கொட்டுங்கள். இல்லையென்றால் தீவனத்தில் தண்ணீர் தெளித்துப் புட்டு மாவுப் பதத்தில் பிசறிப் போடலாம், தூள் தானியத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஆனால் ஈரத் தீவனம் மாலைக்குள் தீர்ந்துவிட வேண்டும். தொட்டியின் மூலையில் காய்ந்து ஒட்டிய பழைய கட்டியை நகத்தால் சுரண்டி முகர்ந்து பாருங்கள். பூஞ்சை வாடை வந்தால் அந்தத் தொட்டியைக் கழுவிக் காயவைக்காமல் எதையும் கொட்டாதீர்கள். அதே வாடை மூட்டையிலும் வந்தால் மூட்டையோடு தூக்கி எறியுங்கள். கடலைப் பிண்ணாக்கிலும் மக்காச்சோளத்திலும் வளரும் அந்தப் பூஞ்சையின் நஞ்சு, வறுத்தாலும் வெயிலில் போட்டாலும் முழுதாகப் போகாது.